இருபத்து மூன்றாம் துளை

எங்கள் திருச்சபையின் நூற்றைம்பதாவது ஆண்டு மலருக்காக சத்தியராஜ் மாமாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி மலர்க் குழுச் செயலாளர் டெனிஷ் அண்ணன் கேட்டார். நான் ஊர் திரும்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஆறு வருடம் கண்ட நாடெல்லாம் சுற்றிவிட்டு, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நெய்யூரில் லீலாபாய் அத்தை வீட்டு மாடியில் தங்கியிருந்தேன். சத்தியராஜ் மாமா அத்தையின் கணவர்.

"ஏட்டி, நாடு நாடா சுத்தி தின்ன பழத்தயெல்லாம் போட்டோ எடுத்துப் போட்டியே, மாமாவப் பத்தி ரெண்டு பக்கம் எழுத ஒனக்கு என்ன வலி?" என்றார் டெனிஷ் அண்ணன்.

"மாமாக்க கதையில என்ன அண்ணா இருக்கு? கல்லு. பின்ன கொறச்சு கல்லு."

"அதத்தான் எழுது. நம்ம சபையில தங்கம் தேடிப் போன ஒரே ஆளு அவருதான். மத்தவனெல்லாம் தங்கம் கேட்டு பெண்ணு பாக்கப் போனவன்."

மாமா நிலவியலாளர். மத்திய அரசின் துறை ஒன்றில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு, ஒரு பை நிறையக் கற்களோடு வருவார். மிட்டாய் இருக்கும் என்று நாங்கள் பையைத் திறந்து ஏமாந்த கதை குடும்பத்தில் இன்னும் ஓடுகிறது.

நான்கு நாள் காலையில் சாயா குடித்தபடியே மாமா சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். அவருடைய அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். மகன் டாக்டராக வேண்டும் என்று நினைத்தார். மகனோ நிலவியலில் சேர்ந்தான். கல்லைப் படிக்க எதற்குக் கல்லூரி என்று ஊரில் கேட்டார்கள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் யாராவது வந்து தோட்டத்துக்கு அழைத்துப் போய், கிணறு தோண்ட இடம் காட்டச் சொல்வார்கள். அது தன் படிப்பு இல்லை என்று இவர் சொன்னால், "பின்ன என்னத்தடே படிச்ச?" என்பார்கள்.

எண்பத்தாறில் வேலை கிடைத்தது. முதலில் கர்நாடகத்தில், ராய்ச்சூர் பக்கம். சுத்தியல், திசைகாட்டி, கழுத்தில் ஒரு சிறிய லென்ஸ், முதுகில் மாதிரிக் கற்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் நடை. வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லுக்குள் தங்கம் எப்படி வந்து தங்கியது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அந்தக் கல்லைக் கண்ணாடித் தாள் போல மெலிதாக இழைத்து நுண்ணோக்கியில் வைத்தால், உள்ளே பாசிமணி போல நீர்க்குமிழ்கள் தெரியுமாம். இருநூற்றைம்பது கோடி ஆண்டுக்கு முன் அடைபட்ட நீர். தங்கத்தைக் கரைத்துக் கொண்டுவந்து போட்டது அந்தச் சூடான நீர்தான். அதைச் சொல்லும்போது மாமாவின் குரல் தாழ்ந்து, பிரார்த்தனைக்கு நிற்பவர் போல ஆகிவிடும். இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை இன்றும் வெளிநாட்டில் யாரோ மேற்கோள் காட்டுகிறார்கள்.

அவருக்கு ஒரு விதி உண்டு. கால் படாத இடத்தில் கோடு போடக் கூடாது. ஒரு பாறை எங்கே முடிந்து இன்னொரு பாறை எங்கே தொடங்குகிறது என்று வரைபடத்தில் கோடு இழுக்கும் முன் அங்கே போய் நின்று பார்த்திருக்க வேண்டும். முகாமில் உட்கார்ந்தே ஊகத்தில் கோடு போட்டுவந்த இளைஞன் ஒருவனை மறுநாள் காலை அதே குன்றுக்கு ஏழு கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப் போனாராம். "நீ போட்ட கோட்டுக்க மேல நில்லு பாப்பம்" என்றாராம். கோடு போன இடத்தில் ஒரு குளம் இருந்தது. இந்தக் கதையை நான் மூன்று பத்தி எழுதினேன். மலருக்கு ஏற்ற கதை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கணினி வந்தது. பழைய காகித வரைபடங்களையும் களக் குறிப்பேடுகளையும் கணினிக்கு ஏற்றும் பிரிவுக்கு மாமாவை ஹைதராபாத்தில் பொறுப்பாளர் ஆக்கினார்கள். ஓய்வு பெறும்வரை அதே வேலை. அவர் மேற்பார்வையில் கணினிக்கு ஏறிய வரைபடங்கள் எண்ணூறுக்கு மேல். நன்றாகச் செய்தார் என்று பாராட்டுக் கடிதம் இருக்கிறது. அதையும் குறித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டன.

ஐந்தாம் நாள் டெனிஷ் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கூடவே, "மூலையில பேரு பாத்தியா? மாமா போட்ட மேப்பு! கலர்ல அடிச்சா கலக்கும்" என்று ஒரு செய்தி. கடியப்பட்டணம் பக்கத்துக் கடற்கரையின் வரைபடம். மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. கருமணல் எடுக்க ஒரு கம்பெனி கேட்டிருக்கும் இடத்தைக் காட்டும் படம் அது. கடற்கரை ஊர்க்காரர்கள் கோபத்தோடு பகிர்ந்துகொண்டிருந்தது சுற்றிச் சுற்றி எங்கள் சபைக் குழுவுக்கும் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம் என்று கீழே இருந்தது. டெனிஷ் அண்ணன் மூலையில் இருந்த பெயரை மட்டும்தான் பார்த்திருக்கிறார். நானும் அப்படியே சந்தோஷமாக ஓடிப்போய் மாமாவிடம் போனை நீட்டினேன்.

மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். அடியில் ஒரு அட்டவணை இருந்தது. அதையும் பெரிதாக்கினார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"என்னைக்கு கூட்டம்?"

"வெள்ளிக்கிழம மாமா."

"இன்னைக்கு செவ்வாய்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

எழுந்து உள்ளே போனார். கட்டிலுக்கடியில் இருந்த இரும்புப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் அட்டை போட்ட ஒரு சின்னக் குறிப்பேடு. அட்டையில் 1992 என்று இருந்தது.

தொண்ணூற்று இரண்டில் கடற்கரைக் கனிம ஆய்வுக்காக மாமாவை ஆறு வாரம் சொந்த மாவட்டத்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். ஆகர் என்ற இரும்புத் துளைக்கம்பியை இரண்டு ஆட்கள் கையால் திருகி மணலுக்குள் இறக்குவார்கள். மேலே வரும் மணலை ஆழவாரியாகப் பையில் கட்டி, கருமணல் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மொத்தம் நாற்பது துளை. முதல் ஏழு துளைகள் வெறும் கடற்கரை. எட்டாவது துளை வீடுகளுக்குப் பக்கத்தில் வந்தது. ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் மண்ணில் எதைத் தேடுகிறாய் என்று கேட்டார்கள்.

"பயந்துட்டேன் மக்கா" என்றார் மாமா. "நம்ம ஆளுவதான், நம்ம பாஷதான். ஆனா எனக்கு அந்த ஊருல ஒருத்தரையும் தெரியாது. இஞ்சேருந்து ஒம்பது கிலோமீட்டரு. அதுவரைக்கும் ஒரு நாளும் போனதில்ல. குடிதண்ணிக்கு கெணறு வெட்ட எடம் பாக்கோம்னு வாயில வந்துட்டு."

அதன் பிறகு ஒருவரும் தடுக்கவில்லை. எங்கள் முற்றத்திலும் பாருங்கள் என்று பெண்கள் வந்து கூப்பிட்டார்கள். எட்டு முதல் நாற்பது வரை முப்பத்து மூன்று துளைகள், முக்கால்வாசியும் வீட்டு முற்றங்களில். குறிப்பேட்டில் ஒவ்வொன்றுக்கும் நேராக யார் வீடு, எந்த மரத்துக்கு எத்தனை அடி என்று ஆங்கிலத்தில் நுணுக்கி எழுதியிருந்தார். இருபத்து மூன்றாம் துளைக்கு நேராக 'பிரகாசி வீட்டு முற்றம். முருங்கைக்கு மேற்கே நாலு அடி' என்று இருந்தது. அதற்குக் கீழும் ஏதோ ஒரு வரி. அதன்மேல் மாமாவின் கட்டைவிரல் இருந்தது.

பதின்மூன்று வருடம் கழித்து இந்தக் குறிப்பேட்டைக் கணினிக்கு ஏற்றும் முறை வந்தது. ஒரு துளைக்கு ஒரு வரிசை. எண், இடம், ஆழம், கருமணல் விகிதம், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். கட்டம் காலியாக இருந்தால் கணினி ஏற்றுக்கொள்ளாது. அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். முதல் வரிசையில் மாமா 'கடற்கரை மணல், குடியிருப்பு இல்லை' என்று தட்டினார். முதல் துளைக்கு அது உண்மைதான். பிறகு அந்தக் கட்டத்தின் மூலையைச் சுட்டியால் பிடித்து நாற்பதாவது வரிசை வரைக்கும் இழுத்து விட்டார். அலுவலகத்தில் எல்லாரும் செய்வதுதான். நாற்பது கட்டமும் நிரம்பிவிட்டன.

"திருத்தலாம்னு நெனச்சேன். பின்ன அடுத்த மேப்பு வந்துட்டு."

இப்போது கம்பெனியின் விண்ணப்பத்தில் அந்த அட்டவணைதான் ஆதாரம். தொண்ணூற்று இரண்டில் அந்த இடத்தில் குடியிருப்பே கிடையாது, இன்று அங்கே இருக்கும் எழுபது வீடும் வெறும் மணலில் பிற்பாடு வந்து ஏறியவை என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்கள் பலருக்கும் பட்டா இல்லை. அவர்கள் தொண்ணூற்று இரண்டிலேயே அங்கே இருந்தார்கள் என்று அரசாங்க ஆள் கைப்பட எழுதிய ஒரே காகிதம் மாமாவின் மடியில் இருந்தது.

"துறைக்கு ஒரு கடுதாசி எழுதிரலாம்" என்றார் மாமா.

கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த லீலாபாய் அத்தை கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "எழுதுங்க. வெள்ளிக்கெழம கழிஞ்சு அடுத்த மாசம் போய்ச் சேரும்."

"நான் அங்க என்ன மொகத்தோட போவேன் லீலா?"

"ஞாயித்துக்கெழம கோயில்ல வேதபாடம் வாசிக்கிய மொகத்தோட போங்க. வேற மொகம் இருக்கா ஒங்களுக்கு?"

அத்தை என்னைப் பார்த்து, "நீ ஸ்கூட்டர எடு. இல்லேன்னா அந்த மலர்ல இவருக்க போட்டோவ போடாண்டாம்னு டெனிஷுகிட்ட சொல்லிரு" என்றார்.

புதன்கிழமை காலை போனோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உலகத்தின் மறுபக்கத்தில் பெயர் தெரியாத சந்துகளில் எல்லாம் போன் வரைபடத்தை நம்பி நடந்திருக்கிறேன். இந்த ஊருக்கு நானும் அதுவரை வந்ததில்லை. யாரிடமாவது வழி கேட்போம் என்று சொன்னதற்கு மாமா வேண்டாம் என்றார். குறிப்பேட்டை வைத்துக்கொண்டே எட்டாம் துளை, பதினைந்தாம் துளை என்று முணுமுணுத்தபடி சந்து சந்தாக நடந்தார். ஓட்டு வீடுகள் கான்கிரீட் ஆகியிருந்தன. சிலுவை நட்ட குருசடி மட்டும் அதே இடத்தில் இருந்தது. அதை வைத்து இருபத்து மூன்றாம் துளையின் இடத்தைப் பிடித்துவிட்டார்.

வீட்டு வாசலில் ஒரு அம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மாமாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"கெணத்து சாருல்லா?"

மாமா குறிப்பேட்டை மூடினார்.

"ஏ சபிதா, இஞ்ச வா! கெணத்து சாரு வந்திருக்காரு!" என்று உள்ளே கத்தினார். "முடிதான் போயிருக்கு, மூக்கு அப்படியே இருக்கு. சாரே, நீரு வருவீருன்னு நாங்க சொல்லிச் சொல்லி சிரிப்போம் கேட்டீரா. கொழாயில தண்ணி வரலேன்னா, இந்தா கெணத்து சாரு வந்துருவாருன்னு இந்தத் தெருவே சொல்லும். இரியும், இரியும்."

மருமகள் சபிதா பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். பள்ளியில் கணக்கு டீச்சர். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஊர் சார்பாக மனு எழுதுபவரும் அவர்தான் என்று பேச்சில் தெரிந்தது. சாயா வந்தது. கூடவே ஒரு டம்ளர் தண்ணீர், மூலையில் கவிழ்த்து வைத்திருந்த கேனிலிருந்து பிடித்தது. மாமா டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார், குடிக்கவில்லை.

"அக்கா, நான் கெணறு பாக்க வரல்ல" என்றார்.

"பின்ன?"

சொன்னார். கருமணலைச் சொன்னார், பயத்தில் சொன்ன பொய்யைச் சொன்னார், கட்டத்தை இழுத்து விட்டதைச் சொன்னார். தெளிவாகச் சொன்னார் என்று சொல்ல முடியாது. நடுநடுவே அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் வந்தன. பிரகாசியம்மாள் மீன் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ கம்பெனிக்காரன் கையில வச்சிருக்கது நீரு எழுதுனதா?"

"ஆமா."

"நாங்க இஞ்ச இல்லேன்னு?"

"ஆமா."

"எனக்க முத்தத்துல நின்னு, எனக்க கையால சாயாவும் குடிச்சிட்டு?"

மாமா குறிப்பேட்டை நீட்டினார். "இதுல செரியாட்டு எழுதியிருக்கேன் அக்கா. இத நீங்க கூட்டத்துல காட்டலாம்."

சபிதா வாங்கிப் பக்கம் புரட்டினார். இருபத்து மூன்றுக்கு வந்ததும் மாமியாருக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார். "பிரகாசி வீட்டு முற்றம். முருங்கைக்கு மேற்கே நாலு அடி." நிறுத்தினார். பிறகு மெதுவாக அடுத்த வரியையும் வாசித்தார். "மூணு மீட்டரில் ஈரம். ருசி பார்த்தேன். நல்ல தண்ணீர்."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் கட்டைவிரல் மறைத்திருந்த வரி அதுதான்.

"என்னது?" என்றார் பிரகாசியம்மாள்.

ஈர மணல் வந்தால் துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது மாமாவின் பழக்கம். அன்றும் வைத்துப் பார்த்திருக்கிறார். உப்பு இல்லை. எழுதிவிட்டு, மணலைப் பையில் கட்டி, துளையை மூடிவிட்டுப் போய்விட்டார்.

"தண்ணி கெடச்சுதா சாரேன்னு நான் கேட்டனே" என்றார் பிரகாசியம்மாள். "ரிப்போர்ட்டு வரும்னு சொன்னீரு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஏன் சொல்லல்ல?"

மாமா டம்ளரைத் தரையில் வைத்தார். "தண்ணி எனக்க வேல இல்லேன்னு நெனச்சேன்."

அந்த அம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து கையைக் கழுவினார். கேன் தண்ணீரில் கையைக் கழுவக் கூடாது என்பதால் வாளியில் கிடந்த உப்புத் தண்ணீரில் கழுவினார். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் தோப்புக் கெணறு. நீரு போனதுக்குப் பொறவும் பதினாலு வருசம் அங்கேருந்து சொமந்தேன், காலையில நாலு கொடம், சாயங்காலம் நாலு கொடம். எனக்க எளைய மவ வயித்துல இருக்கும்போதும் சொமந்தேன். முருங்கைக்குக் கீழதான் கொடத்த எறக்கி வைப்பேன் சாரே."

சபிதா குறிப்பேட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்துக்கொண்டார். முருங்கை இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்களைப் படி இருந்தது.

நாங்கள் கிளம்பும்போது பிரகாசியம்மாள் சொன்னார். "வெள்ளிக்கெழம வாரும். வந்து ரெண்டையும் சொல்லணும். நாங்க இருந்ததையும் சொல்லணும், தண்ணி இருந்ததையும் சொல்லணும். ஒண்ண மட்டும் சொல்லிட்டு நல்லவனாட்டு போயிராதீரு."

வீடு வந்து இறங்கியதும் மாமா, "தண்ணி விசயத்த லீலாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். அடுக்களையில் சொல்லியிருப்பார் போல. அன்று அத்தை அவரிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலை மட்டும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கட்டிலில் வைத்திருந்தார்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஐநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மேடையில் அதிகாரிகள், பக்கவாட்டில் கம்பெனி ஆட்கள், முன்வரிசையில் பெண்கள். மாமாவின் பெயரை அழைத்தபோது அவர் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். துறை, பதவி, சர்வீஸ் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு, "இந்த அட்டவணையில கடைசிக் கட்டத்துல இருக்கது பொய். நான் எழுதுனது" என்றார். எந்தெந்தத் துளை யார் யார் வீட்டில் என்று குறிப்பேட்டைப் பார்த்து வாசித்தார். பெயர் வாசிக்கும்போது கூட்டத்தில் அங்கங்கே, "எங்க அப்பா", "அது எனக்க வீடு" என்று குரல் வந்தது.

இருபத்து மூன்றில் நின்றார். முன்வரிசையில் பிரகாசியம்மாள் இருந்தார். அந்த வரியை மாமா முதலில் ஆங்கிலத்தில் வாசித்தார். மேடையில் ஒருவர் தலையாட்டினார். பிரகாசியம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "தமிழ்ல சொல்லும் சாரே" என்றார். மாமா தமிழில் சொன்னார். நல்ல தண்ணீர் இருந்தது, எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.

ஒருவரும் கைதட்டவில்லை. பின்னால் இருந்து ஒருவர் எழுந்து, "இவ்வளவு வருசம் எங்கவோய் கெடந்தீரு?" என்று கத்தினார். இன்னொருவர், "கம்பெனிக்காரன விட இவருல்லா நம்மள வித்துப்போட்டாரு" என்றார். மாமா ஒலிவாங்கியை விட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். நின்றார். வசவெல்லாம் தீரும்வரை நின்றுவிட்டு, மேடை ஏறி, குறிப்பேட்டைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். நாற்பது இடங்களையும் நேரில் போய்ச் சரிபார்க்கும்வரை அந்த அட்டவணையை ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். அவ்வளவுதான். விண்ணப்பம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் டெனிஷ் அண்ணன் படித்துவிட்டார். ஏழு கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போன கதை ரொம்பப் பிடித்துவிட்டது. "இத மட்டும் போடுவோம்டி. மத்தது எதுக்கு? மலருல்லா, புகார் மனுவா?" என்றார். மாமாவிடம் கேட்டேன். "ரெண்டையும் போடு. இல்லேன்னா ஒண்ணும் வேண்டாம்" என்றார். அதனால்தான் இது இவ்வளவு நீளம்.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் மாமா அந்த ஊருக்குப் போகிறார். ஊரின் சார்பாக ஒரு பட்டியல் தயாராகிறது. சபிதா மடிக்கணினியோடு கூட நடக்கிறார். ஒவ்வொரு துளையின் இடத்திலும் நின்று, வீட்டுக்காரர்களைக் கேட்டு, கடைசிக் கட்டத்தைத் தனித்தனியாகத் தட்டி நிரப்புகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வரிசைக்கு மேல் நகர்வதில்லை. சில வீடுகளில் கதவு திறப்பதில்லை. அங்கே மாமா வெயிலில் காத்திருந்துவிட்டு அடுத்த முறை மறுபடியும் போகிறார்.

பிரகாசியம்மாள் நாற்காலி போடச் சொல்கிறார். பேசவும் செய்கிறார். சாயாவோ தண்ணீரோ கொடுப்பதில்லை. மாமாவும் கேட்பதில்லை. காலையில் கிளம்பும்போது வீட்டிலிருந்தே ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். அந்த முற்றத்தில் இருக்கும்வரை அதை வெளியே எடுப்பதில்லை.